இங்கிலாந்துப் பீங்கான் பொம்மைகள்: இனங்கண்டு விலை மதிப்பதற்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் எந்தச் சாரிட்டி கடைக்குள் நுழைந்தாலும் ஒரு தட்டு நிறையப் பீங்கான் பொம்மைகள் இருக்கும்: கோணல் பார்வை பார்க்கும் நாய், கோட்டு மாட்டிய பன்றி, மனிதனைப் போல் முறைக்கும் பறவை. இவற்றில் பெரும்பாலானவை சில பவுண்டுக்கு மேல் போகாதவை. எப்போதோ ஒன்று புதுக் கார் வாங்கும் விலைக்குப் போகும். இரண்டையும் பிரித்தறிவதற்கான விவரங்கள் விலைப்பட்டியல் நூல்களிலும், ஏல நிறுவனங்களின் நிபந்தனைத் தாள்களிலும், வரித்துறைப் படிவங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. காலமான நண்பர் ஒருவரின் அலமாரியில் இருந்த பொம்மைகளை மதிப்பிட்டு விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தபோது இந்த விவரங்களைத் தேடிச் சேர்க்கப் பட்ட பாட்டை அடுத்தவரும் படவேண்டாம் என்பதற்காக, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதற்கான மதிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே பொம்மைக்கு மூன்று மதிப்புகள் உண்டு. காப்பீட்டு மதிப்பு என்பது, பொருள் உடைந்தாலோ திருடு போனாலோ அதைப் போன்ற ஒன்றைக் கடையில் மறுபடி வாங்க ஆகும் தொகை. மூன்றிலும் இதுவே அதிகம். ஏல மதிப்பு என்பது இன்று ஏலத்தில் விட்டால் கிடைக்கக்கூடியது. பல நேரங்களில் கடை விலையில் பாதியை ஒட்டியே நிற்கும். வாரிசுரிமை மதிப்பு என்பது, உரிமையாளர் இறந்த நாளன்று அந்தப் பொருள் வெளிச்சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது. பெட்டிக்குள் பழைய காப்பீட்டுச் சான்றிதழ் ஒன்று கிடைத்துவிட்டால், அதில் எழுதிய தொகைக்கு விற்றுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது 1990களில் எழுதியதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. ராயல் டோல்ட்டன் நிறுவனத்தின் சீமாட்டிப் பொம்மைகள், முகக் குவளைகள் போன்ற இருபதாம் நூற்றாண்டுச் சரக்கின் விலை அதற்குப் பிறகு வெகுவாக இறங்கிவிட்டது.

ஏல நிறுவனங்கள் பலவும் குறிப்பிட்ட நாள்களில் பொருளை இலவசமாகப் பார்த்து வாய்மொழியாக மதிப்புச் சொல்கின்றன. எழுத்துச் சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கட்டணம் கேட்கும் மதிப்பீட்டாளரை நாடுங்கள். மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் மதிப்பைக் கூட்டிச் சொல்வது அவருக்கே லாபம். அருங்காட்சியகங்கள் பொருள் இன்னது என்று கருத்துச் சொல்லக்கூடும், விலை சொல்வதில்லை. ஆனாலும் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்து ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் தொகுப்பை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வருவது, பத்து விலைப்பட்டியல்களைப் புரட்டுவதைவிட மேல் என்பது என் கருத்து.

2. கழுவும் முன் படமும் பதிவும்

பொம்மையைக் கையில் எடுத்ததும் கழுவத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சிறு காகிதச் சீட்டு, பழைய ஏல எண், பென்சிலில் எழுதிய விலை எல்லாம் சான்றுகள். தண்ணீர் பட்டால் போய்விடும். முன், பின், இரு பக்கம், அடி, முத்திரையின் நெருக்கக் காட்சி, சேதமுள்ள இடம் என்று ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அசலிலிருந்து அச்செடுத்துச் செய்த போலிகள், களிமண் சூளையில் சுருங்குவதால், அசலைவிடச் சற்றே குள்ளமாக இருக்கும். அந்தச் சில மில்லிமீட்டர் பின்னால் உங்களைக் காப்பாற்றக்கூடும்.

கூடவே வரும் தாள்களைத் தனி உறையில் போடுங்கள்: வாங்கிய ரசீது, பழைய ஏலப் பட்டியல், அசல் பெட்டி, வரையறுக்கப்பட்ட பதிப்பென்றால் அதன் எண்ணிட்ட சான்றிதழ், அலமாரியில் அந்தப் பொம்மை நிற்பது தெரியும் பழைய குடும்பப் புகைப்படம். சான்றிதழைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஐயாயிரம் செய்த பதிப்பில் உங்களுடையது பன்னிரண்டாவது என்பதற்கு யாரும் கூடுதலாக ஒரு பென்னி தருவதில்லை.

இதன் பிறகு கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மென்மையான தூரிகை போதும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் ப்ளீச்சும் கூடவே கூடாது. சூளைக்குப் பிறகு தீட்டிய வண்ணமும் தங்கமும் உதிர்ந்துவிடும்.

3. கவிழ்த்துப் பாருங்கள்: உடல் முதலில், முத்திரை பிறகு

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முத்திரையைத்தான் முதலில் தேடுகிறார்கள். முத்திரையைப் போலி செய்வது எளிது, உடலைப் போலி செய்வது கடினம். ஆகவே உடலில் தொடங்குங்கள்.

விக்டோரியா காலத்து ஸ்டாஃபர்ட்ஷயர் பொம்மைகளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1840 முதல் நூற்றாண்டின் இறுதிவரை, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டை ஒட்டிய ஊர்களில், கணப்புத் தட்டின் மேல் சுவரோடு ஒட்டி வைப்பதற்காக முதுகு தட்டையாகச் செய்யப்பட்டவை இவை. பழைய முறையில் களித்தகட்டை இரண்டு அச்சுகளுக்குள் விரலால் அழுத்தி ஒட்டுவார்கள். அதனால் சுவர் தடிமன் இடத்துக்கிடம் மாறும், பொம்மை கைக்குக் கனமாக இருக்கும். அடியிலோ முதுகிலோ சூட்டுக் காற்று வெளியேற ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். மிளகு நுழையும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலப் போலிகளில் களிக்குழம்பை அச்சில் ஊற்றி, மிஞ்சியதை வடித்துவிடுகிறார்கள். அவை இலேசாக இருக்கும், சுவர் ஒரே சீராக மெல்லியதாக இருக்கும், வடித்த துளை சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அடியில் வட்டமாகத் தெரியும். பெரிய துளை, குறைந்த கனம் இரண்டும் சேர்ந்தால் "பழைய ஸ்டாஃபர்ட்ஷயர்" என்ற பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் இந்த விதியைப் பெஸ்விக், வேட் போன்ற இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைச் சரக்குக்குப் பொருத்தாதீர்கள். அவை குழம்பில் வார்க்கப்பட்டவையே, துளை இருப்பது குறையே அல்ல.

அடுத்துத் தங்கம். பழைய தங்கப் பூச்சு தேன் நிறத்தில் மங்கலாக, அங்கங்கே தேய்ந்திருக்கும். 1880களை ஒட்டி மலிவுப் பொம்மைகளுக்கு வந்த திரவத் தங்கம் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கியதுபோல் பளிச்சென்று மின்னும். பளிச்சென்ற தங்கம் போலி என்பதற்குச் சான்று அல்ல, காலத்தால் பிந்தியது என்பதற்கே சான்று.

பிறகு மெருகில் உள்ள நுண்வெடிப்பு வலையைப் பாருங்கள். அசலில் வெடிப்புகள் நுணுக்கமாக, ஓரிடத்தில் இருந்தும் ஓரிடத்தில் இல்லாமலும் ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். போலியில் பெரிய கட்டங்களாக, தலை முதல் அடிவரை ஒரே சீராக, பழுப்புச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். தேய்மானத்தையும் அப்படியே சோதியுங்கள். நூறாண்டு தட்டில் நகர்ந்த பொம்மையின் அடிவிளிம்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உப்புத்தாளால் தேய்த்ததில் ஒரே திசையில் ஓடும். கை படும் மூக்கிலும் தோளிலும் தேயாமல், கை படாத குழிவுகளில் மட்டும் "பழமை" தெரிந்தால் அதை வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள்.

இடையில் ஒரு வில்லங்கமும் உண்டு. பர்ஸ்லெமைச் சேர்ந்த வில்லியம் கென்ட் நிறுவனம் பழைய வடிவங்களையே 1962 வரை செய்துவந்தது. இவை ஏமாற்றுவதற்காகச் செய்தவை அல்ல, ஆனால் விற்பவர் சொல்லும் 1850-ஆம் ஆண்டுப் பொருளும் அல்ல. பழைய அசலின் விலையில் பாதிக்கும் கீழாக வைத்துப் பேசுங்கள்.

4. முத்திரையை வாசித்தல்

உடல் ஒத்துவந்த பிறகே முத்திரை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து மடங்கு பெருக்கம் போதும்.

"இங்கிலாந்து" என்ற சொல் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த ஆண்டு அமெரிக்க இறக்குமதிச் சட்டம் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்கத் தொடங்கியது. "இங்கிலாந்தில் செய்யப்பட்டது" என்ற முழுத் தொடர் இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. சாய்சதுர வடிவப் பதிவுக் குறி 1842 முதல் 1883 வரை வழங்கியது. 1884 முதல் அதற்குப் பதிலாகப் பதிவு எண் மட்டும் வந்தது. இங்கேதான் பலரும் விழும் குழி: பதிவுக் குறி வடிவத்தைப் பதிந்த நாளைச் சொல்லும், உங்கள் கையிலுள்ள பொம்மை சூளையிலிருந்து வந்த நாளைச் சொல்லாது.

குழந்தைக் கதை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் விலங்குப் பாத்திரங்களைப் பெஸ்விக் பொம்மைகளாகச் செய்தது; இதே குழி அவற்றில் இன்னும் ஆழம். 1948-இல் தொடங்கிய இந்த வரிசையில் அடியிலுள்ள ஆண்டு பதிப்புரிமை ஆண்டு. முதல் பொம்மையான வாத்து அம்மாளின் அடியில் 1948 என்று இருப்பதைப் பார்த்து அதை அந்த ஆண்டுப் பொருளாக விலை பேசுகிறவர்கள் ஏராளம். பார்க்கவேண்டியது எழுத்தின் நிறத்தை. தங்க நிற முத்திரை 1970களின் தொடக்கம்வரை, பழுப்பு அதற்குப் பிறகு, ராயல் ஆல்பர்ட் பெயர் 1989-இலிருந்து சுமார் பத்தாண்டு. ஒரே அச்சு, ஒரே வாத்து. தங்க முத்திரைக்குப் பழுப்பைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை.

ராயல் டோல்ட்டன் பொம்மைகளில் எச்.என். எண் தொடர் 1913-இல் தொடங்கியது. அந்த எண் வடிவத்தை மட்டும் அல்ல, வண்ணத்தையும் சேர்த்தே குறிக்கும். காற்றில் பாவாடை பறக்க நிற்கும் "டாப் ஓ தி ஹில்" சீமாட்டி சிவப்பு உடையில் 1834, பச்சை உடையில் 1833. ஆகவே பெயரை மட்டும் வைத்து விலை தேடினால் வேறு பொம்மையின் விலை வந்து நிற்கும். முத்திரையின் கிரீடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிறு எண் இருந்தால் அதனுடன் 1927-ஐக் கூட்டுங்கள். 1928-இல் தொடங்கிய வழக்கம் இது. 13 என்றிருந்தால் 1940.

முத்திரையின் குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தால், தொழிற்சாலையே இரண்டாந்தரம் என்று கழித்துவிட்ட பொருள். படத்தில் அந்தக் கோடு சரியாகத் தெரியாது. வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முத்திரை இல்லை என்பதால் மட்டும் ஒதுக்கிவிடவும் கூடாது. பழைய ஸ்டாஃபர்ட்ஷயர் பொம்மைகளில் பெரும்பாலும் முத்திரையே கிடையாது. ஸ்டாஃபர்ட்ஷயரின் சின்னமான கயிற்று முடிச்சுப் படமும் "ஸ்டாஃபர்ட்ஷயர்" என்ற பெயரும் நன்றாக அச்சாகியிருந்தால் அதுவே பிற்காலச் சரக்கு என்பதற்கு அறிகுறி. பெஸ்விக்கின் மிகச் சிறிய விலங்குகளில் முத்திரைக்கு இடமில்லாமல் காகிதச் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தார்கள். சீட்டு உதிர்ந்தபின் அவை பெயரில்லாமல் ஐம்பது பென்னிக் கூடையில் கிடக்கின்றன. புதியவருக்கு உண்மையான வாய்ப்பு அங்கேதான்.

5. அதிகம் கண்ணில் படும் விசித்திரங்கள்

கீழே சொல்லும் விலைகள் சேதமில்லாத பொருளுக்குப் பொதுவாக ஏலத்தில் போகும் அளவு. ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

உட்கார்ந்திருக்கும் ஸ்பேனியல் நாய் இணை. கழுத்தில் தங்கச் சங்கிலியும் பூட்டுமாக, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் பார்த்தபடி செய்யப்பட்டவை. சாதாரண இணை அறுபதிலிருந்து நூற்றைம்பது பவுண்டு. முன்னங்கால் உடலோடு ஒட்டாமல் தனியாகப் பிரிந்து நின்றால் கூடுதல். ஒற்றை நாய்க்கு இணையின் பாதி விலை கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு, கிடைக்காது. வெவ்வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து இணையாக்கி விற்பதும் வழக்கம் என்பதால், மீசைப் புள்ளிகளையும் கண் வரைந்த விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கை தீட்டியிருந்தால் தூரிகையின் வேகம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்.

மரம் சூழ்ந்த குழுப் பொம்மைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பகுதியைச் சேர்ந்த இவற்றில்தான் வேடிக்கை அதிகம். விளைவில் பத்தில் ஒரு பங்கு என்ற கோயில் வரிக்காகப் பன்றிக்குட்டியைக் கேட்டு நிற்கும் பாதிரியாரிடம், பன்றிக்குட்டி வேண்டுமானால் எங்கள் பத்தாவது பிள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று குழந்தையை நீட்டும் குடியானவர் மனைவி ஒரு பொம்மை. 1792-இல் வங்கத்தின் சாகர் தீவில் புலியிடம் சிக்கி மாண்ட இளம் மன்ரோவைக் காட்டுவது இன்னொன்று. தலை புலியின் வாயில் இருக்க, ஆள் ஏதோ மதியத் தூக்கத்தில் இருப்பவர்போல் மல்லாந்து கிடப்பார். ஹைதர் அலியோடு போரிட்ட ஹெக்டர் மன்ரோவின் மகன் அவர் என்பதால் நம் பக்கத்து வாசகர்களுக்கு இதில் தனி ஆர்வம் இருக்கும். அசல் என்றால் விலை ஆயிரங்களில், போலிகளும் நடமாடுகின்றன. பின்னணி மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக ஒட்டப்பட்டவை, ஒன்றிரண்டு உடைந்திருப்பது இயல்பு. ஓர் இலைகூட உடையாத மரத்தைக் கண்டால் மகிழாமல், முதலில் சந்தேகப்படுங்கள்.

மார்ட்டின் சகோதரர்களின் பறவைகள். ராபர்ட் வாலஸ், சார்ல்ஸ், வால்ட்டர், எட்வின் என்ற நால்வரும் 1877 முதல் லண்டனை அடுத்த சவுத்தாலில் செய்தவை. இன்று நம்மவர்கள் சேலை வாங்கப் போகும் அதே சவுத்தால். தலை தனியாகக் கழலும் ஜாடிகள் இவை. வக்கீலைப் போல் ஓரக்கண்ணால் அளக்கும் பறவை, வட்டி வாங்க வந்தவரைப் போல் புன்னகைக்கும் பறவை என்று ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சூளைக்குள் உப்பு எறிந்து மெருகேற்றியதால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போல் புள்ளி புள்ளியாக இருக்கும். நிறங்கள் பழுப்பும் மங்கிய நீலமும். கையெழுத்தும் ஊரும் தேதியும் ஈரக்களிமண்ணில் கீறப்பட்டிருக்கும், தலையின் உள்விளிம்பிலும் உடலிலும் தனித்தனியாக. இரண்டில் ஓர் இடத்திலாவது கையெழுத்து இல்லையென்றால், இருக்கும் இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், அல்லது கீறாமல் அச்சிட்டிருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பறவைகள் பல பத்தாயிரம் பவுண்டுக்குப் போகின்றன. அப்படிப்பட்ட ஒன்றைச் சந்தேகித்தால் உள்ளூர் ஏலத்துக்குக் கொண்டுபோகாமல், அலங்காரக் கலைக்கென்று தனி ஏலம் நடத்தும் நிறுவனங்கள் இரண்டுக்கு மூன்றுக்குப் படம் அனுப்புங்கள்.

பெஸ்விக் விலங்குகள். லாங்டனில் 1894-இல் தொடங்கிய நிறுவனம், 1969-இல் டோல்ட்டன் கைக்குப் போய், 2002-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இங்கே விலையைத் தீர்மானிப்பது வடிவத்தைவிட வண்ணம். ஒரே குதிரை பழுப்பு மெருகில் இருபது பவுண்டுக்குப் போகும். வெள்ளைப் புள்ளியிட்ட சாம்பல் நிறத்தில் நூறுகளுக்கு ஏறும். காலின் மெல்போர்ன் 1950களில் வடிவமைத்த, கோடும் வளைவுமான நவீன விலங்குகளுக்குத் தனிக் கூட்டம் உண்டு. பாட்டர் வரிசையில் சாதாரணப் பொம்மை பத்து, பதினைந்து பவுண்டு. அதே வரிசையில், பூங்கொத்து ஏந்திய கறுப்பு நாய்ச் சீமாட்டி 1955 முதல் 1967 வரை மட்டுமே செய்யப்பட்டு அக்காலத்தில் விலைபோகாமல் நின்றது. அன்று யாரும் வாங்காததாலேயே இன்று நூறுகளில் விலை சொல்கிறது. பிற்காலத்தில் பூவுக்குப் பதிலாகப் பலகாரம் ஏந்தி வந்த நாய் வேறு, விலையும் வேறு.

வேட் சிறு விலங்குகளும் வங்கிப் பன்றிகளும். 1953 முதல் வந்த விரல் நீளப் பொம்மைகள் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றிரண்டு பவுண்டு; முதல் சில தொகுப்புகள் அசல் பெட்டியோடு இருந்தால் மட்டும் கவனியுங்கள். நாட்வெஸ்ட் வங்கி 1983-இல் பிள்ளைகளின் சேமிப்புக் கணக்குக்காகக் கொடுத்த ஐந்து பன்றிகளில் அணையாடை கட்டிய வூடி எங்கும் கிடைப்பான். கணக்கில் 100 பவுண்டு சேர்த்த பிள்ளைக்கே கிடைத்த அப்பா சர் நத்தானியேல்தான் குறைவு. அடியில் வங்கிச் சின்னம் பொறித்த அசல் மூடி இருக்கிறதா, உண்டியல் வாய் ஓரம் உடைந்திருக்கிறதா என்பதே கேள்வி. ஐந்தும் சேர்ந்து ஐம்பது பவுண்டை ஒட்டிப் போனால் நல்ல விலை.

பர்ன்லியில் 1953 முதல் செய்யப்பட்ட பென்டெல்ஃபின் முயல்களைப் பலர் பீங்கான் என்று எண்ணுகிறார்கள். அவை கல்தூள் கலவை. தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ரெசின் பொம்மைகளும் இப்படித்தான் கலந்துவிடும். நகத்தால் தட்டினால் பீங்கான் கணீரென்கும், ரெசின் மொத்தென்று கேட்கும்.

6. சேதமும் ஒட்டுவேலையும்

ஒரு மயிரிழை விரிசல் இருபதாம் நூற்றாண்டுப் பொம்மையின் விலையில் பாதியை, சில நேரம் முக்கால் பங்கைத் தின்றுவிடும். பழைய ஸ்டாஃபர்ட்ஷயருக்கு அவ்வளவு பாதிப்பில்லை. காது, வால், விரல், கொம்பு, குதிரையின் கணுக்கால் ஆகிய இடங்களில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒட்டிப் பூசிய இடம் விரலுக்குச் சற்று வெதுவெதுப்பாக, மென்மையாகப் படும். 365 நானோமீட்டர் புற ஊதாக் கைவிளக்கு இருபது பவுண்டுக்குள் கிடைக்கிறது. இருட்டறையில் காட்டினால் புதுப் பூச்சு அசல் மெருகிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். எல்லாப் பூச்சும் ஒளிராது என்பதால், விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதை உத்தரவாதமாகக் கொள்ளாதீர்கள்.

7. விலையைத் தேடும் முறை

இணையச் சந்தையில் கேட்கும் விலை ஆசை; முடிந்த விலைதான் விலை. ஈபேயில் "விற்றுமுடிந்தவை" என்று வடிகட்டி, கடைசி மூன்று மாத விற்பனைகளைப் பாருங்கள். ஏலத் தளங்களில் பழைய முடிவுகளைப் பார்க்கச் சில இடங்களில் சந்தா உண்டு. ஒரு மாதம் மட்டும் கட்டி வேலையை முடிக்கலாம். அதே எண், அதே வண்ணம், அதே முத்திரை நிறம், அதே நிலை ஆகிய நான்கும் ஒத்த விற்பனைகளை மட்டும் எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவிலுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலப் பட்டியலின் மொழியையும் கவனியுங்கள். "கண்டது கண்டபடி" என்ற பொருளில் ஏ.எஃப். (A/F) என்ற இரண்டு எழுத்துச் சுருக்கம் போட்டிருந்தால் சேதம் உண்டு என்று அர்த்தம். "இன்னாருடையதாகக் கருதப்படுவது", "இன்னார் பாணியில்" என்ற சொற்கள் நிறுவனம் பொறுப்பேற்கவில்லை என்பதைக் கண்ணியமாகச் சொல்லும் வழி. நிலை அறிக்கை கேட்பது இலவசம். ஏலத்துக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள்.

8. ஏலம்: செலவுக் கணக்கும் கால அளவும்

சுத்தியல் 100 பவுண்டில் விழுந்தால் வாங்குபவர் 100 கொடுப்பதில்லை, விற்பவர் 100 வாங்குவதுமில்லை. வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 20 விழுக்காடு வாட் சேர்ந்து 30 பவுண்டு. இணையத் தளம் வழியாகக் கேட்டிருந்தால் ஏறக்குறைய 5 விழுக்காடும் அதற்கு வாட்டும் சேர்ந்து இன்னும் 6 பவுண்டு. ஆக 136, தபால் தனி. விற்பவர் பக்கம் 15 விழுக்காடு தரகும் வாட்டும் 18 பவுண்டு. படக் கட்டணம், காப்பீடு என்று ஒன்றிரண்டு போக எண்பதை ஒட்டிக் கையில் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த விழுக்காடுகள் மாறும்; ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடும் முன் நான்கையும் கேட்டு எழுதிவாங்குங்கள்: தரகு, படக் கட்டணம், குறைந்தபட்சக் கட்டணம், விற்காவிட்டால் திருப்பி எடுக்கும் கட்டணம். கடைசியில் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை, அதுதான் பின்னால் கடிக்கும்.

சாதாரண ஏலத்துக்குச் சில வாரம், தனி ஏலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பொருள் போய்ச் சேரவேண்டும். ஏலம் முடிந்து பணம் வர மூன்று நான்கு வாரம் பொறுக்கவேண்டும். மலிவுப் பொம்மைகளைத் தனித்தனியாக வைக்கமாட்டார்கள், பெட்டியாகச் சேர்ப்பார்கள். நல்ல ஒன்று அந்தப் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

வாங்குபவராக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். வணிகரிடம் இணையத்தில் நேரடியாக வாங்கினால், பொதுவாகப் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்ப உரிமை உண்டு. மக்கள் நேரில் வந்து கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் அந்த உரிமை கிடையாது, நீங்கள் வீட்டிலிருந்தே கேட்டிருந்தாலும்.

9. வரியும் தாள்களும்

இறந்தவரின் உடைமையாக இருந்தால் வெளிச்சந்தை மதிப்பை வாரிசுரிமைக் கணக்கில் காட்டவேண்டும். முழுக் கணக்குத் தாக்கல் செய்யும் நிலை வந்தால் வீட்டுச் சாமான்களுக்கென்று ஐ.எச்.டி. 407 என்ற தனிப் படிவம் உண்டு. வரி இருந்தால் இறந்த மாதத்துக்குப் பின் ஆறாம் மாத இறுதிக்குள் கட்டவேண்டும் என்பதால், மதிப்பீட்டாளரை முதல் மாதமே பிடித்துவிடுங்கள். அவருடைய கடிதத்தில் இறந்த தேதியும், "வெளிச்சந்தை மதிப்பு" என்ற தொடரும், பொம்மை வாரியான பட்டியலும் இருக்கவேண்டும்.

சொந்தப் பொருளை விற்றால், ஒரு பொருளுக்கு 6,000 பவுண்டுவரை கிடைக்கும் தொகைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. இணையை ஒரே ஆளுக்குப் பிரித்து விற்றாலும் ஒன்றாகவே கணக்கிடுவார்கள். வாங்கி விற்பதையே வழக்கமாக்கினால் அது வியாபாரம். ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் வரவு வந்தால் வரித்துறையில் பதியவேண்டும். 2024 முதல், ஆண்டில் 30 விற்பனையைத் தொடுகிறவர்களின் விவரத்தை இணையச் சந்தைகள் வரித்துறைக்கு அனுப்புகின்றன. வீட்டை ஒழித்து விற்றவர் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இரண்டாம் படியில் எடுத்த படங்களும் தாள்களும் அப்போது கைகொடுக்கும்.

வீட்டுக் காப்பீட்டில் ஒற்றைப் பொருளுக்கான உச்சவரம்பு பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பவுண்டுக்குள் இருக்கும். அதற்கு மேற்பட்டதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தால்தான் இழப்பீடு வரும்.

10. கட்டி அனுப்புதல்

கூரியர் நிறுவனங்கள் பலவும் பீங்கானை ஏற்றுக்கொண்டு கொண்டுபோகும், உடைந்தால் இழப்பீடு தராது. விலக்குப் பட்டியலில் பீங்கான் இருக்கும். கூடுதல் காப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் காது, வாலுக்கு முதலில் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி இடைவெளி நிரப்பி, பிறகு முழுதும் குமிழித்தாள் சுற்றி, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடம் விட்டுப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டுநாடா மெருகிலோ தங்கத்திலோ நேரடியாகப் படக்கூடாது. கழலும் தலை, மூடி, மரப்பீடம் எதுவானாலும் தனித்தனியாகச் சுற்றி, எத்தனை உருப்படி என்று பெட்டியின் உள்மூடியில் எழுதிவிடுங்கள். காகிதக் குவியலோடு சேர்த்து வங்கிப் பன்றியின் மூடியை வாங்கியவர் குப்பையில் போட்டுவிட்டால், அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்களிடம்தான்.